கேமராவுக்கும் லென்ஸுக்கும் தோள்பை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோள்பை வாங்கப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: நின்ற இடத்திலேயே கையை உள்ளே விட்டு வேலை பார்ப்பதற்காகத்தான் தோள்பை. வைத்திருக்கும் கருவிகளையெல்லாம் அடுக்கிவைக்க வீட்டில் அலமாரி இருக்கிறது.

முதுகுப்பை இருக்கும்போது தோள்பை எதற்கு?

கைக்கு எட்டும் தூரத்துக்காக. முதுகுப்பையிலிருந்து ஒரு லென்ஸை எடுக்க வேண்டுமென்றால் பையைக் கழற்றி, கீழே வைத்து, ஜிப்பைத் திறந்து, எடுத்து, மூடி, மறுபடி மாட்ட வேண்டும். சேறோ கூட்டமோ இருந்தால் கீழே வைக்கவே இடம் கிடைக்காது. தோள்பையில் இடுப்போரமாக மூடியைத் தூக்கினால் போதும். திருமணம், தெருப்படம், செய்திப்படம், ஊர் சுற்றிப் பார்ப்பது ஆகியவற்றுக்கு இதுதான் வசதி.

மலையேற்றம், பறவைப் படம், நாள் முழுக்க நடை என்றால் முதுகுப்பைக்குப் போய்விடுங்கள். ஒற்றைத் தோளில் பாரம் ஏற்றி மணிக்கணக்கில் நடந்தால் வரும் வலியை எவ்வளவு நல்ல பட்டையாலும் தடுக்க முடியாது.

எவ்வளவு பெரிய பை வாங்குவது?

பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான். “என்னிடம் இருக்கிற எல்லாம் அடங்க வேண்டும்” என்று தேடத் தொடங்குகிறார்கள். அடங்குகிற பையும் கிடைத்துவிடும். பிறகு அதில் இடம் இருக்கிறதே என்று தேவையில்லாததும் ஏறும். கனம் தாங்காமல் கடைசியில் பை வீட்டிலேயே தங்கிவிடும்.

முதலில் உங்கள் பழைய படங்களைப் பாருங்கள். ஒவ்வொரு படத்தின் உள்தகவலிலும் எந்த லென்ஸ், எந்தக் குவியத்தூரம் (லென்ஸின் மேல் மி.மீ.-இல் எழுதியிருக்கும் எண்) என்பது பதிவாகியிருக்கும். லைட்ரூம் போன்ற மென்பொருளில் லென்ஸ் வாரியாகப் பிரித்தே பார்க்கலாம். பலருக்கு ஒன்றிரண்டு லென்ஸில்தான் முக்கால்வாசிப் படங்களும் இருக்கும். அந்த லென்ஸ்களுக்காகப் பை வாங்குங்கள். ஒரு கேமரா, அதில் மாட்டிய லென்ஸ், கூடுதலாக ஒன்றோ இரண்டோ: தோள்பைக்கு இந்த அளவுதான் சரி என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, அவற்றை மேசையில் வைத்து அளவெடுங்கள். லென்ஸை மூடிகளோடும், ஹுட்டை (லென்ஸின் முன்னால் மாட்டும் ஒளித்தடுப்பு வளையம்) திருப்பி மாட்டிய நிலையிலும் அளக்க வேண்டும். ஹுட்டைத் திருப்பி மாட்டினால் லென்ஸின் விட்டம் ஒன்றிரண்டு செ.மீ. கூடிவிடும். தயாரிப்பாளர் தரும் அளவில் அது சேர்ந்திருக்காது.

குவியத்தூரம் ஒன்றாக இருந்தால் அளவும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். 70–200 மி.மீ. எஃப்/2.8 லென்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். கேனனின் மிரர்லெஸ் கேமராக்களுக்கு 2019-இல் வந்த, நீண்டு சுருங்கும் ஆர்எஃப் லென்ஸ் சுருங்கிய நிலையில் 146 மி.மீ. நீளம்தான். சோனியின் இரண்டாம் தலைமுறை ஜிஎம் லென்ஸ் 200 மி.மீ. இரண்டும் ஏறத்தாழ ஒரே எடை. முதலாவதை நடுத்தரமான தோள்பையில் நிறுத்தி வைக்கலாம். இரண்டாவதைப் படுக்க வைத்தால்தான் மூடி மூடும். அதனால் “70–200 கொள்ளும்” என்று பையில் எழுதியிருந்தால் எந்த 70–200 என்று கேளுங்கள்.

லிட்டர் கணக்கை வைத்து முடிவு செய்யலாமா?

வேண்டாம். முன்பாக்கெட், பக்கப்பாக்கெட் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பெரும்பாலும் லிட்டர் சொல்கிறார்கள். உட்புற நீளம், அகலம், உயரம் மூன்றையும் பாருங்கள். அதிலும் அகலம், அதாவது உடம்பிலிருந்து வெளிப்பக்கமாகப் பை எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது, மிக முக்கியம். அது 12 அல்லது 13 செ.மீ. இருந்தால் கையால் பிடிக்கும் பிடிமானம் (கிரிப்) புடைத்திருக்கும் கேமராவும் வசதியாக உட்காரும், பையும் இடுப்பை ஒட்டி நிற்கும். 18 செ.மீ. ஆனால் வாசலில் இடிக்கும், கூட்டத்தில் அடுத்தவர் மேல் இடிக்கும்.

எவ்வளவு எடை வரை தோள் தாங்கும்?

ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் கூட்டிப் பார்த்தால் பலருக்குத் திகைப்பாக இருக்கும். கேனன் ஆர்6 மார்க் 2 பேட்டரியோடு 670 கிராம். ஆர்எஃப் 24–70 எஃப்/2.8 லென்ஸ் 900 கிராம். மேலே சொன்ன 70–200 லென்ஸ், டிரைபாடில் (முக்காலி) பொருத்தும் வளையம் இல்லாமலே 1,070 கிராம். இதுவே 2.6 கிலோவைத் தாண்டுகிறது. ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும் பை, ஃபிளாஷ், கூடுதல் பேட்டரி, தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்ந்தால் ஐந்து கிலோவை நெருங்கிவிடும்.

அதே கேமராவோடு 305 கிராமுள்ள 35 மி.மீ. எஃப்/1.8, 500 கிராமுள்ள 85 மி.மீ. எஃப்/2 இரண்டும் போதும் என்றால் மொத்தம் ஒன்றரைக் கிலோதான். ஒரு தோளில் நாள் முழுக்கத் தொங்குவதற்கு, பையோடு சேர்த்து மூன்று கிலோ என்பதை உச்சமாக வைத்துக்கொள்வது நல்லது.

வாங்கும் முன்பே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ எடை. வீட்டில் கிடக்கும் ஏதாவது ஒரு தோள்பையில் உங்கள் கருவிகளின் எடைக்குச் சமமாகத் தண்ணீர் பாட்டில்களைப் போட்டு ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள். கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் வலி தொடங்கினால் பையைத் தேடுவதை நிறுத்திவிட்டு, லென்ஸில் எதை விட்டுவிடலாம் என்று யோசியுங்கள்.

பட்டையில் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் அகலம். 4 முதல் 5 செ.மீ. இருந்தால் பாரம் பரவும். 2.5 செ.மீ. பட்டை தோளை அறுக்கும், அதன்மேல் எவ்வளவு பஞ்சு வைத்துத் தைத்திருந்தாலும் சரி. அடுத்து நீளம். குறுக்காக மாட்டும்போது பையின் மேல்விளிம்பு இடுப்பெலும்புக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் நடக்கும்போது தொடையில் அடிக்கும். உயரமானவர்கள், உடல் பருமனானவர்கள் பட்டையின் முழு நீளத்தைக் கேட்டு வாங்குங்கள். பல பைகளில் அது போதாது.

பட்டை பையோடு சேரும் இடத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பாருங்கள். சதுரமாகத் தைத்து நடுவில் பெருக்கல் குறிபோல் இரண்டு கோடு ஓடியிருந்தால் நல்ல வேலை. ஒற்றை வரித் தையல் என்றால் வேண்டாம். கொக்கி மாட்டும் வளையம் உலோகமா, பிளாஸ்டிக்கா? வளையம் உடைந்தால் கேமராவோடு பை தரையில் கிடக்கும், ஆகவே இங்கே உலோகத்துக்கே என் ஓட்டு. பட்டை பையின் அடிப்பாகம் வரை சுற்றிப்போய் அடியையும் தாங்கும்படி தைத்த பைகள் இன்னும் நம்பகமானவை.

வழுக்காத தோள்மெத்தை, குறுக்காக மாட்டாமல் ஒரே தோளில் தொங்கவிடுபவர்களுக்கு அவசியம். குறுக்காக மாட்டுபவர்களுக்கு அதே மெத்தை சட்டையைச் சுருட்டி இழுத்துக்கொண்டே இருக்கும்.

நின்றபடி லென்ஸ் மாற்ற முடியுமா? கீழே போட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

முடியும். அதற்குப் பையில் ஒரு அறை காலியாக இருக்க வேண்டும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. எல்லா அறைகளையும் நிரப்பிவிட்டால், கழற்றிய லென்ஸை வைக்க இடமில்லாமல் மூன்றாவது கை தேவைப்படும்.

இரண்டு லென்ஸுக்கு மூன்று அறை என்று வையுங்கள். கேமரா கழுத்தில் தொங்குகிறது, பை வயிற்றுக்கு முன்னால் இழுத்துவிடப்பட்டிருக்கிறது, மூடி திறந்திருக்கிறது. பையிலிருக்கும் லென்ஸின் பின்மூடியை அறையில் இருக்கும்போதே திருகித் தளர்த்துங்கள், எடுத்துவிட வேண்டாம். இப்போது கேமராவில் உள்ள லென்ஸைக் கழற்றி, பின்பக்கம் மேலே பார்க்கும்படி காலி அறையில் இறக்குங்கள். தளர்த்தி வைத்த மூடியை எடுத்து, இறக்கிய லென்ஸின் பின்பக்கத்தில் வையுங்கள். இரண்டாவது லென்ஸைத் தூக்கி கேமராவில் மாட்டுங்கள். கேமராவின் வாய் இந்த நேரம் முழுக்கக் கீழ்நோக்கியே இருக்கட்டும், தூசி விழாது. மாட்டி முடித்த பிறகு நிதானமாக அறையில் உள்ள மூடியை இறுக்கலாம். இந்த வரிசையில் எந்தக் கணத்திலும் உங்கள் கையில் ஒரே ஒரு லென்ஸ்தான் இருக்கிறது. கீழே விழுந்தாலும் பைக்குள்தான் விழும்.

இது கைகூட, பையின் வாய் தானாகத் திறந்து நிற்க வேண்டும். கையை எடுத்ததும் சுருங்கிக்கொள்ளும் மெல்லிய பைகளில் இது நடக்காது. கடையில் பார்க்கும்போது மூடியைத் திறந்துவிட்டு, ஒரு கையால் மட்டும் லென்ஸை எடுத்து வைத்துப் பாருங்கள். மூடி திரும்பத் திரும்பக் கைமேல் விழுகிறதென்றால் அந்தப் பை வேண்டாம். மூடி உடம்புப் பக்கமாகத் திறக்கிறதா, வெளிப்பக்கமாகத் திறக்கிறதா என்பதையும் கவனியுங்கள். வெளிப்பக்கமாகத் திறந்தால் உங்கள் கைக்கும் லென்ஸுக்கும் நடுவே மூடி நிற்காது. உடம்புப் பக்கமாகத் திறக்கும் மூடியை ஒவ்வொரு முறையும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

லென்ஸை நிறுத்தி வைப்பதா, படுக்க வைப்பதா?

நிறுத்தி வைப்பதுதான் எடுக்க எளிது. சிறிய லென்ஸ்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைக்க நேர்ந்தால் நடுவில் மெத்தை வைத்த தடுப்பு கட்டாயம். அடிக்கடி வேண்டியது மேலே இருக்கட்டும்.

லென்ஸ் மாட்டிய கேமராவை லென்ஸ் கீழ்நோக்கி இருக்கும்படி வைத்தால் பிடிமானம் மேலே வரும், ஒரே இழுப்பில் எடுக்கலாம். ஆனால் மொத்த எடையும் லென்ஸின் முன்பக்கத்தில் நிற்கக் கூடாது. இருபுறத் தடுப்புகளின் விளிம்பில் கேமரா உடல் அமர்ந்து, லென்ஸின் நுனி அடியைத் தொட்டும் தொடாமலும் தொங்குவதுபோல் தடுப்புகளை நெருக்கி ஒட்டுங்கள்.

வெல்க்ரோ, ஜிப், பக்கிள், காந்தம்: மூடிக்கு எது நல்லது?

வெல்க்ரோ வேகமானது, ஆனால் சத்தம் போடும். அமைதியான நிகழ்ச்சியில் அதைப் பிரித்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். சில பைகளில் அந்த வெல்க்ரோவை மடித்து மறைக்கும் துணி இருக்கும், இருந்தால் நல்லது. பக்கிள் பத்திரம், மெதுவானது. காந்தப் பூட்டு வேகமும் அமைதியும் சேர்ந்தது. காந்தம் மெமரி கார்டைக் கெடுக்குமோ என்று பயப்பட வேண்டாம், அவை ஃபிளாஷ் நினைவகம், காந்தத்தால் அழியாது. பழைய வகை காந்தப்பட்டை உள்ள அட்டைகளை மட்டும் பூட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

மேல்மூடியின் நடுவில் ஜிப் வைத்த பைகளை எனக்குப் பிடிக்கும். மூடியைத் திறக்காமலே கேமராவை எடுக்கலாம். ஆனால் ஜிப்பின் பல் கேமராத் திரையில் உரசாமல் ஓரத்தில் துணி மடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேன்வாஸா, நைலானா?

இரண்டுக்கும் நல்ல வரலாறு இருக்கிறது. 1970-களில் கேமராப் பை என்றால் பெட்டிபோல விறைப்பாக இருந்தது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா இன்குவைரர் நாளிதழின் படப்பிடிப்பாளர் ஜிம் டோம்கே, உடம்போடு ஒட்டி வளையும் கேன்வாஸ் பையைத் தனக்காக வடிவமைத்தார். அதுதான் இன்றும் விற்கப்படும் டோம்கே எஃப்-2. அதன் பட்டையில் ரப்பர் நூல் சேர்த்து நெய்திருப்பார்கள், தோளில் வழுக்காது. இங்கிலாந்தின் பில்லிங்ஹாம் 1973-இல் தொடங்கியது மீன்பிடிப் பைகளோடு. அந்தப் பைகளைப் படப்பிடிப்பாளர்கள் வாங்கத் தொடங்கியதால்தான் கேமராப் பைகளுக்கு வந்தார்கள். வெளித்துணிக்கும் உள்துணிக்கும் நடுவில் பியூட்டைல் ரப்பர் வைத்து ஒட்டுவது அவர்கள் முறை, அதனால் மழை உள்ளே இறங்காது.

கேன்வாஸ் பழகப் பழக உடம்புக்கு இசையும். நனைந்தால் கனக்கும், காய நேரமாகும். நைலான் இலேசு, சீக்கிரம் காயும், கீறல் தாங்கும். நைலானில் டெனியர் என்றொரு எண் சொல்வார்கள். அது 9,000 மீட்டர் நூலின் எடை, கிராமில். கோர்டுரா என்ற உறுதியான நைலான் துணியில் 500 டெனியர் தோள்பைக்குத் தாராளம். 1,000 டெனியர் முரட்டு வேலைக்கு நல்லதுதான், ஆனால் சொரசொரப்பான அந்தத் துணி இடுப்போரம் சட்டையைத் தேய்த்துத் தேய்த்து நூல் பிரித்துவிடும்.

மழைக்கு என்ன செய்வது?

நீர் புகாது என்று சொல்லப்படும் பெரும்பாலான பைகள் தூறலைத்தான் தாங்கும். ஊசி போன இடமெல்லாம் ஓட்டைதான், தையல் வழியே தண்ணீர் வரும். மழையுறை தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். உறை போட்ட பிறகு மூடியைத் திறக்க முடியாது என்பதால், மூடியின் இரு ஓரங்களும் காதுபோல் மடிந்து வாயை மூடும் பைகளே மழையில் வேலை செய்ய ஏற்றவை.

உள்ளே மெத்தை எவ்வளவு தடிமன் வேண்டும்?

அடியில் தாராளமாக, பக்கங்களில் அளவாக. பையைக் கீழே வைக்கும்போதுதான் அடி விழுகிறது. தடிமனைவிட அழுத்தம் முக்கியம்: விரலால் அழுத்தினால் மெல்ல எதிர்த்து எழ வேண்டும். அழுத்திய இடம் தட்டையாகிப்போனால் அது வெறும் பஞ்சு. எல்லாப் பக்கமும் 2 செ.மீ. மெத்தை வைத்த பை வெளியே பெரிதாகவும் உள்ளே சிறிதாகவும் இருக்கும்.

என்னிடம் உள்ள சாதாரணத் தோள்பையையே பயன்படுத்தலாமா?

தாராளமாக. தடுப்புகளோடு கூடிய மெத்தை உள்ளறை தனியாகக் கிடைக்கிறது, அதை உங்கள் பைக்குள் இறக்கினால் போதும். வெளியிலிருந்து பார்த்தால் கேமரா இருப்பதே தெரியாது, திருட்டுப் பயம் உள்ள இடங்களில் இது பெரிய வசதி. கேமரா நிறுவனத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்ட பையைவிட இது எவ்வளவோ மேல். பையின் பட்டை, தையல் மட்டும் எடையைத் தாங்குமா என்று மேலே சொன்னபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப், டிரைபாட் வைக்கும் வசதி வேண்டுமா?

டிரைபாட் வேண்டாம். தோள்பையின் அடியில் கட்டினால் பை ஒரு பக்கம் சாயும், கால் தட்டும். லேப்டாப் வேலைக்கு உண்மையிலேயே வேண்டியவர்கள் மட்டும் அந்த அறையைத் தேடுங்கள். அது இருந்தாலே பை ஒரு அளவு பெரிதாகிவிடும். 11 அங்குல டேப்லெட் அறை பலருக்குப் போதும்.

பழைய பை வாங்கலாமா?

பை நல்ல கேன்வாஸ் என்றால் வாங்கலாம். நைலான் என்றால் உட்புறத்தைக் கட்டாயம் தடவிப் பாருங்கள். துணியின் உள்பக்கம் பூசிய பாலியுரேதேன் பூச்சு, வருடக்கணக்கில் ஈரக்காற்று பட்டுப் பட்டுச் சிதையும். பிசுபிசுவென்று ஒட்டினாலோ, வெள்ளைச் செதில் உதிர்ந்தாலோ, புளித்த வாடை வந்தாலோ விட்டுவிடுங்கள். அது லென்ஸில் ஒட்டும், கழுவினாலும் சரியாகாது. தடுப்புகளுக்குள் உள்ள ஃபோமும் பொடியாக உதிரலாம். தடுப்பைக் கசக்கி, காதருகே வைத்துக் கேளுங்கள். நொறுங்கும் சத்தம் வந்தால் அந்தத் தடுப்பை மாற்ற வேண்டும்.

விமானத்தில் கையோடு கொண்டுபோகலாமா?

கொண்டுதான் போக வேண்டும். தனியாக வைத்திருக்கும் லித்தியம் பேட்டரிகளைச் சரக்குப் பெட்டியில் போட அனுமதி இல்லை, கையில் மட்டுமே. கேமரா பேட்டரிகள் பெரும்பாலும் 20 வாட்-மணிக்கும் கீழே, பொதுவான உச்சவரம்பு 100 வாட்-மணி. அதனால் திறனைப் பற்றிக் கவலை இல்லை. முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் மூடியோ உறையோ போட்டு வையுங்கள். கைப்பை அளவு விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள்.

வேலை முடிந்த பிறகு லென்ஸ்களைப் பையிலேயே வைத்துவிடலாமா?

ஓரிரு நாள் என்றால் பரவாயில்லை. அதற்கு மேல் வேண்டாம். மெத்தையும் துணியும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உள்ளே இருட்டு, காற்றோட்டம் கிடையாது. லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்க இதைவிடத் தோதான இடம் இல்லை. பூஞ்சை கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டால் துடைத்தாலும் தழும்பு நிற்கும். லென்ஸ்களை 40 முதல் 50 சதவீத ஈரப்பதம் உள்ள உலர்பெட்டியில் வையுங்கள். உலர்பெட்டி இல்லாவிட்டால், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் ஒரு சிறிய ஈரப்பதமானியும் போதும். பையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தூசியைத் தட்டி, தடுப்புகளைப் பிரித்தெடுத்து, வாயைத் திறந்தபடி காற்றுப்படும் இடத்தில் மாட்டிவிடுங்கள். மழையில் நனைந்த பை என்றால் வெளித்துணி காய்ந்த பிறகும் ஒரு நாள் பொறுங்கள், உள்ளே இருக்கும் ஃபோம் காய அதைவிட நேரமாகும்.